நண்டுக்கோது கைற்றோசான் + மாட்டெலும்புத் தூள் ஸ்கஃபோல்ட்: பிபிஎஸ்ஸில போட்டதும் களியாகுது, என்ன செய்யலாம்?

வடலி:
எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணம் குருநகரில எடுத்த நண்டுக் கோதில இருந்து பிரிச்ச கைற்றோசானையும், 800 பாகை செல்சியசில சுட்ட மாட்டெலும்புத் தூளையும் சேர்த்து, எலும்பு வளர்றதுக்கான ஸ்கஃபோல்ட் (கலங்கள் பிடிச்சு வளர்ற நுண்துளைச் சாரம்) செய்யிறம். 1% அசற்றிக் அமிலத்தில 2% கைற்றோசான், அதோட சம எடைக்கு எலும்புத் தூள். 24 குழித் தட்டில ஊத்தி, மறை 20 பாகையில உறைய வைச்சு, ஃபிரீஸ் டிரையரில (உறைஞ்ச தண்ணியை வெற்றிடத்தில ஆவியாக்கிற கருவி) காய விடுறது.

காய்ஞ்ச துண்டு பார்க்க நல்லா இருக்கு. ஆனா பிபிஎஸ் (பொசுபேற்றுத் தாங்கல் உப்பு) கரைசலில போட்டா அரை மணித்தியாலத்துக்குள்ள களியாகிப் பிரிஞ்சு போகுது. குறுக்க வெட்டினா அடியில வெள்ளைக் கட்டி, மேல வெறும் பஞ்சு. மேற்பரப்பில ஒரு மெல்லிய தோலும் இருக்கு. கலங்கள் (செல்கள்) போடுறதுக்கு முதல் இதெல்லாம் சரிவர வேணும். கரையில ஒதுங்கிற முருகைக்கல்லை எலும்புத் தூளுக்குப் பதிலாப் பாவிக்கலாமோ எண்டும் சொல்லுங்கோ.

கந்தகப்பூ:
களியாகிறதுக்குக் காரணம் அமிலம். உலர்த்தும்போது தண்ணி போகும், ஆனா அசற்றிக் அமிலத்தில ஒரு பங்கு கைற்றோசானோட உப்பாப் பிணைஞ்சு தங்கிவிடும். அந்த அசற்றேற்று உப்பு தண்ணியில கரையும். நடுநிலையாக்காமல் எந்தக் கைற்றோசான் ஸ்கஃபோல்ட்டும் பிபிஎஸ்ஸில நிக்காது.

20 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில 2 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டைக் கரைச்சு, ஆறின பிறகு 80 மில்லிலீற்றர் எதனோல் சேருங்கோ. காய்ஞ்ச துண்டுகளை அதில ஒரு மணித்தியாலம் அமிழ்த்தி வையுங்கோ. எதனோல் ஏன் எண்டால், வெறும் நீர்க் காரத்தில போட்டா காரம் உள்ள போறதுக்கு முதலே விளிம்பு கரையத் தொடங்கி நுண்துளைகள் அமுங்கிப் போகும். பிறகு 70%, 50% எதனோல், கடைசியாத் தண்ணி எண்டு படிப்படியாக் கழுவி, திரும்ப உறைய வைச்சு உலர்த்துங்கோ.

கழுவின தண்ணியின்ர பிஎச் 7 எண்டதும் நிப்பாட்டாதேங்கோ. உள்ளுக்க இருக்கிற காரம் ஆறுதலாத்தான் வெளியில வரும். ஒரு துண்டைப் புதுத் தண்ணியில இரவிரவா ஊறவிட்டு, விடிய அளந்து பாருங்கோ. 8ஐத் தாண்டினா இன்னும் கழுவ வேணும். கலங்கள் சாகிறதுக்கு அடிக்கடி காரணமா இருக்கிறது இந்த மிச்சக் காரம்தான். பழி மட்டும் கைற்றோசானில விழும்.

கோதைப் பற்றியும் ஒண்டு. 10 கிராம் கோதில அரைவாசி கல்சியம் காபனேற்று எண்டு வைச்சா, அதைக் கரைக்க 1 மோலார் ஐதரோகுளோரிக் அமிலம் 100 மில்லிலீற்றர் வேணும். கிராமுக்கு 15 மில்லிலீற்றர் விட்டா போதிய மிகை இருக்கும். பெரிய பாத்திரத்தில கொஞ்சம் கொஞ்சமா விடுங்கோ, நுரை பொங்கி வழியும். குமிழி அடங்கினதும் எடுத்துவிடுங்கோ. சூடாக்கி நெடுநேரம் விட்டா சங்கிலி அறுந்து, கரைசல் தண்ணியா ஓடும்.

யாழ்ப்பாணத்தில இன்னொரு கவனம்: எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால வாறது. காரத்தில ஊறின கைற்றினை (கைற்றோசானாக முந்தின கோதுப் பொருள்) அதால கழுவினா, அமிலத்தால எடுத்த கல்சியம் காபனேற்றாத் திரும்பப் படியும். கடைசிக் கழுவல்கள் காய்ச்சி வடித்த நீராலதான். 1 கிராமை 600 பாகையில எரிச்சு மிஞ்சிற சாம்பலை நிறுங்கோ. 1 சதவீதத்துக்குக் கீழ வர வேணும். கைற்றினைக் கைற்றோசானாக்க 50% காரத்தில 100 பாகையில அசற்றைல் நீக்கிற கட்டத்தைக் கண்ணாடி முகவையில செய்யாதேங்கோ. சூடான செறிந்த காரம் கண்ணாடியை அரிச்சு சிலிக்காவைச் சேர்க்கும். துருப்பிடிக்காத உருக்கு அல்லது ரெஃப்லோன் பாத்திரம் எடுங்கோ.

காரைத்தீவான்:
அடியில கட்டியானது தூளின்ர பருமனால. அபற்றைற்றின்ர (எலும்புத் தூளில இருக்கிற கல்சியம் பொசுபேற்றுக் கனிமம்) அடர்த்தி தண்ணியைப் போல மூண்டு மடங்கு. படியும் வேகம் துணிக்கையின்ர விட்டத்தின்ர வர்க்கத்தோட போகும், அதாவது பருமனைப் பாதியாக்கினா வேகம் காற்பங்காகும். உரலில இடிச்ச தூளில 50, 100 மைக்கிரோமீற்றர் துணிக்கைகள் தாராளமா இருக்கும். அது உறைய முதலே கீழ போயிரும். பந்து ஆலையில எதனோலோட ஈரமா அரைச்சு, 400 கண் அரிதட்டில, அதாவது 38 மைக்கிரோமீற்றரில, அரிச்செடுங்கோ.

அதுக்கு மேல, கரைசலைக் கெட்டியாக்குங்கோ. கைற்றோசானுக்குச் சம அளவு ஜெலற்றின் சேர்த்து, மொத்தம் 4% வாற மாதிரி 45 பாகையில கலந்து, தூளைப் போட்டு, குமிழி போனதும் தட்டில ஊத்துங்கோ. உடன ஃபிரீசருக்குள்ள வையாமல், 4 பாகையில ஒரு மணித்தியாலம் இறுக விடுங்கோ. தூள் இருந்த இடத்திலயே பிடிபட்டுவிடும். ஆனா ஜெலற்றின் 37 பாகையில கரையும், ஆனபடியால் குறுக்குப் பிணைப்பு (சங்கிலிகளை ஒண்டோட ஒண்டு இரசாயனமாக் கட்டுறது) கட்டாயம். அதுக்கு ஜெனிப்பின் நல்லது, நஞ்சு குறைவு. துண்டு கடும் நீலமாகும், நிறமானிச் சோதனைகளில அந்த நீலம் குறுக்கிடும் எண்டதை நினைவில வையுங்கோ. குளுற்றரல்டிகைட்டு மலிவு, ஆனா மிச்சம் நிண்டா கலங்களுக்குக் கேடு, பாவிச்சா 0.1 மோலார் கிளைசினில ஊற வைச்சுக் கழுவுங்கோ.

தூளைப் போட்ட பிறகு இரவிரவாக் கலக்காதேங்கோ. அமிலத்தில அபற்றைற்றும் கொஞ்சம் கொஞ்சமாக் கரையும். நடுநிலையாக்கும்போது அது வேற பொசுபேற்றாத் திரும்பப் படியலாம்.

எலும்பை உடைச்சுப் பாருங்கோ. உள்ள சாம்பல் நிறம் தெரிஞ்சா காபன் மிஞ்சியிருக்கு. துண்டு தடிப்பு, அல்லது உலைக்குள்ள காத்துப் போதாது. சின்னச் சில்லுகளா ஒரு அடுக்காப் பரப்பி, நிமிசத்துக்கு 5 பாகை வீதம் ஏத்தி, புகைபோக்கியைத் திறந்து வையுங்கோ. சுட்ட தூளைக் காய்ச்சி வடித்த நீரில கலந்து பிஎச் பாருங்கோ. 11, 12 எண்டு ஏறினா கல்சியம் ஒட்சைட்டு உருவாகியிருக்கு, தண்ணியால கழுவி எடுக்க வேணும்.

தோல், காத்துப் படுற முகத்திலயும் தட்டோட ஒட்டுற முகத்திலயும் உண்டாகும். உறைய வைக்கும்போது மூடி போடுங்கோ, காய்ஞ்ச பிறகு கூரான பிளேட்டால இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீற்றர் சீவிவிடுங்கோ. மறை 20 பாகையை மாத்த வேண்டாம். மறை 80க்குப் போனா பனிப் பளிங்குகள் சின்னனாகி நுண்துளையும் சின்னனாகும். எலும்புக்கு 100 மைக்கிரோமீற்றருக்கு மேல வேணும், குருதிக் குழாய் வளர 300 வரை இருந்தால் நல்லது. உலர்த்தும்போது கரண்ட் நிண்டா துண்டு உருகிச் சுருங்கிப் போகும், ஜெனரேற்றர் இணைப்பு உள்ள பிளக்கில போடுங்கோ.

முரசு:
முருகைக்கல்லைத் தொடாதேங்கோ. 1974இல ரோய், லினெஹன் இரண்டு பேரும் முருகையை வெப்பநீர் முறையில அபற்றைற்றாக்கிக் காட்டினவை, வைத்தியத்திலயும் பாவனைக்கு வந்தது. ஆனா இலங்கையில முருகைகள் சட்டத்தால பாதுகாக்கப்படுது, ஒதுங்கின துண்டுக்கும் அனுமதி கேக்க வேணும். காபனேற்று மூலம்தான் தேவையெண்டால் முட்டைக் கோது இருக்கு, அதில 94% அளவில கல்சியம் காபனேற்றுத்தான்.

எதுக்கெண்டு செய்யிறீங்கள் எண்டதை இப்பவே முடிவெடுங்கோ. பஞ்செலும்பின்ர அமுக்க வலிமை 2 முதல் 12 மெகாபஸ்கால். உறைய வைச்சு உலர்த்தின கைற்றோசான் துண்டுகள் பெரும்பாலும் 1 மெகாபஸ்காலையே தாண்டாது. பல் பிடுங்கின குழி, தாடையில கட்டி எடுத்த பொந்து மாதிரிப் பாரம் தாங்கத் தேவையில்லாத இடங்களைச் சொல்லுங்கோ. தொடை எலும்பு எண்டு அறிக்கையில எழுதினா முதல் கேள்வியிலயே விழும்.

கலங்களோட வேலை செய்யும்போது ஒரு பொறி இருக்கு. கல்சியம் படிஞ்சதைக் காட்ட அலிசரின் சிவப்புச் சாயம் போடுவீங்கள். உங்கட துண்டில கல்சியம் ஏற்கனவே இருக்கு, கலமே இல்லாட்டியும் செக்கச்செவேல் எண்டு நிறம் பிடிக்கும். கலம் போடாத துண்டை அதே நாட்களுக்கு அதே ஊடகத்தில (கலம் வளர்க்கிற திரவம்) வைச்சு, அந்த வாசிப்பைக் கழிக்க வேணும். நஞ்சுச் சோதனைக்கு ஐஎஸ்ஓ 10993-5 எண்ட சர்வதேச நியமம்: கலங்களின்ர உயிர்ப்பு கட்டுப்பாட்டின்ர (துண்டு படாத கலங்கள்) 70 சதவீதத்துக்குக் கீழ போனா நஞ்சு எண்டு கணக்கு.

நண்டுப் புரதம் ஒவ்வாமை தரும். மிச்சப் புரதத்தை அளந்து அறிக்கையில போடுங்கோ.

வடலி:
மெத்தப் பெரிய உதவி, நன்றி. கலம் போட முதல் கிருமி நீக்க ஓட்டோகிளேவ் சரியோ? கலங்களை எப்பிடிப் போடுறது?

கந்தகப்பூ:
ஓட்டோகிளேவ் வேண்டாம், 121 பாகையில துண்டு சுருங்கி மஞ்சளாகும். 70% எதனோலில இரண்டு மணித்தியாலம், பிறகு கிருமி நீக்கின பிபிஎஸ்ஸால மூண்டு தரம் கழுவல். புற ஊதாக் கதிரை மட்டும் நம்பாதேங்கோ, துளைகளுக்குள்ள போகாது. எதனோல் பற்றீரியா வித்திகளைக் கொல்லாது, ஆனபடியால் இது கலப் பரிசோதனைக்குத்தான் போதும். உடலில வைக்கிற கட்டம் வந்தா காமாக் கதிர், வழமையா 25 கிலோகிரே. அது கைற்றோசான் சங்கிலியை அறுக்கும், ஆகவே வலிமையையும் கரையிற வேகத்தையும் கதிர் பட்ட பிறகுதான் அளக்க வேணும்.

துண்டை முதல்நாள் ஊடகத்தில ஊறவிட்டு, மிகையை ஒத்தி எடுத்துவிட்டு, செறிவான கலக் கரைசலை 30 மைக்கிரோலீற்றர் அளவில துண்டின்ர நடுவில விடுங்கோ. மூண்டு மணித்தியாலம் ஒட்ட விட்ட பிறகுதான் ஊடகத்தை நிரப்புங்கோ. அடுத்தநாள் துண்டைப் புதுக் குழிக்கு மாத்துங்கோ, இல்லாட்டி தட்டின்ர அடியில ஒட்டின கலங்களையும் சேர்த்துத்தான் எண்ணுவீங்கள்.