வேளாங்கண்ணி நடைபயணம்: சிதம்பரத்துக்குப் பிறகு வரும் சமவெளியை எப்படிக் கடப்பது?

ராயபுரம்வாசி:
வணக்கம். செப்டம்பர் 8ஆம் நாள் மாதாவின் பிறந்தநாள் பெருவிழாவுக்காக எங்கள் பங்கிலிருந்து காவி உடுத்தி நடந்துசெல்லும் குழுவில் இவ்வாண்டு முதன்முறையாகச் சேர்ந்திருக்கிறேன். அம்மாவின் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்காக நேர்ந்துகொண்ட நடை இது. மாமல்லபுரம், மரக்காணம், புதுச்சேரி, கடலூர்வரை கடலும் ஊர்களும் மாறிமாறி வரும் என்பதால் கவலையில்லை. சிதம்பரத்தைத் தாண்டினால் வேளாங்கண்ணிவரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் பெரும்பாலும் வயல்வெளிதான் என்றும், எவ்வளவு நடந்தாலும் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் தோன்றும் என்றும், சிலர் அங்கேதான் உடன்வரும் வேனில் ஏறிவிடுகிறார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். கால்வலியைவிட இந்தச் சலிப்பே எனக்கு அச்சமாக இருக்கிறது. நடந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

காசிமேடு மூத்தவர்:
தம்பி, நீங்கள் அஞ்சும் இடம் சரியான இடம்தான். அங்கே கிலோமீட்டர் கல்லைப் பார்த்து நடப்பதை விட்டுவிடுங்கள். ஒரு ஜெபமாலையை நிதானமாகச் சொல்லி முடிக்க இருபது நிமிடமாகும்; அதற்குள் களைத்த கால்களும் ஒன்றேகால் கிலோமீட்டர் கடந்துவிடும். ஆகவே, 'அடுத்த ஊர் எவ்வளவு தூரம்?' என்று கேட்பதற்குப் பதிலாக, 'இன்னும் எத்தனை ஜெபமாலை?' என்று கேட்டுப் பழகுங்கள். ஒவ்வொன்றையும் ஒருவருக்காக ஒப்புக்கொடுத்து, முதலாவதை உங்கள் அம்மாவுக்காகச் சொல்லுங்கள். பெரிய அடையாளங்களாக ஆறுகளை வைத்துக்கொள்ளலாம்: முதலில் கொள்ளிடம், பிறகு காரைக்காலில் அரசலாறு, நாகூரை நெருங்கும்போது வெட்டாறு.

அந்த வயல்வெளி ஒரே மாதிரி இருக்கும் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். துறைமுகச் சுவரையும் கன்டெய்னர் லாரிகளையும் பார்த்து வளர்ந்த நமக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. மேட்டூர் அணை வழக்கம்போல் ஜூன் 12இல் திறக்கப்பட்ட ஆண்டாக இருந்தால், நீங்கள் போகும் நேரத்தில் ஒரு வயலில் குறுவை கதிர் முற்றி நிற்கும், பக்கத்து வயலில் சம்பாவுக்கு நாற்று விட்டிருப்பார்கள், அதற்கும் அப்பால் உழுத சேற்றில் கொக்குகள் இறங்கியிருக்கும். வயலில் வேலை செய்பவர்களிடம் இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். தண்ணீர் வந்ததா, வரவில்லையா என்பதே அவர்களுடைய அந்த ஆண்டுக் கதையாக இருக்கும்.

வெயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டு ஒன்பதுக்குள் நிறுத்திவிட்டு, மாலை நான்குக்குப் பிறகு மீண்டும் தொடங்குங்கள். இருட்டில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி சாலையின் வலப்பக்கமாக நடப்பதும், முதுகிலும் பையிலும் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்வதும் கட்டாயம்.

தண்டையார்பேட்டை மாலுமி:
கப்பல் வேலையின் விடுப்பில் ஸ்பெயினில் சந்தியாகோ யாத்திரைப் பாதையின் ஒரு பகுதியை நடந்திருக்கிறேன். புர்கோஸ், லெயோன் என்னும் நகரங்களுக்கு இடையே மெசெத்தா என்ற பீடபூமி வருகிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரம். கண்ணுக்கெட்டியவரை கோதுமை வயல்கள். கரியோன் என்ற ஊரைவிட்டால் 17 கிலோமீட்டருக்கு ஒரு கிராமம்கூடக் கிடையாது. அதன் பிறகு வரும் ஊரும் பள்ளத்தில் இருப்பதால், மிக அருகில் சென்ற பின்னரே கண்ணில் படும். அந்தப் பகுதியைப் பேருந்தில் தாண்டிவிடுபவர்கள் அங்கேயும் உண்டு.

தொடுவானத்தில் ஊரைத் தேடிக்கொண்டே நடந்தவர்கள்தான் அங்கே முதலில் சோர்ந்துபோனார்கள். இன்னொன்றையும் அங்கே கவனித்தேன்: நாள் முழுவதும் பேசிக்கொண்டு வருவதும் அலுத்துப்போகிறது. காலையில் ஒரு மணி நேரமாவது யாரும் பேசாமல் நடப்பது என்று உங்கள் குழுத்தலைவரிடம் சொல்லி முடிவு செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு பாட்டு எடுத்தால் குரல்கள் தாமாகவே சேர்ந்துவரும்.

ராயபுரம்வாசி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆறுகளின் பெயர்களை எழுதிவைத்துக்கொண்டேன். எங்கள் குழுவில் பலர் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். நானும் அப்படித்தான் நடக்க வேண்டுமா?

பெரம்பூர் செவிலியர்:
நேர்ந்துகொண்டபோது வெறுங்காலோடு என்று சொல்லவில்லையென்றால், செருப்போ பழகிய ஷூவோ அணிந்து நடங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் எந்த நிலையிலும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. பாத உணர்ச்சி மங்கியிருந்தால் முள் குத்துவதோ தார் சுடுவதோ அவர்களுக்குத் தெரியாமலே புண் ஆழமாகிவிடும். சலிப்பான பகுதியில்தான் கால்மீது கவனம் குறைகிறது என்பதால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரு பாதங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். கொப்புளம் எழுந்தால் அதன் தோலைப் பிய்க்காமல் கழுவிச் சுத்தமான துணியால் கட்டுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருக்காமல் உப்பிட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ சேர்த்துக்கொள்ளுங்கள். தலைசுற்றலோ குமட்டலோ வந்தால் தயங்காமல் வேனில் ஏறிவிடுங்கள். அம்மாவுக்காக நடக்கும் பிள்ளை நலமாகத் திரும்பி வருவதும் அந்த நேர்த்தியில் அடங்கியதே. உடல் தேறினால் மறுநாள் விடியலில் மீண்டும் குழுவோடு இறங்கி நடக்கலாம்.