வெள்ளம் வந்தால் வீட்டு இன்சூரன்ஸ் கை கொடுக்குமா?

முடிச்சூர்வாசி:
2015 டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். ஃப்ரிட்ஜ் மல்லாந்து மிதந்தது. பிளைவுட் பீரோ ஊறி உப்பிப்போய், அதன் கதவை அப்புறம் சாத்தவே முடியவில்லை. வீட்டுக் கடன் கொடுத்தபோது இன்சூரன்ஸ் என்று ஒரு தொகையைப் பிடித்திருந்தார்கள். போய்க் கேட்டால், "அது நீங்க இறந்தா கடனை அடைக்கிற பாலிசி சார்" என்றார்கள். இப்போது ஒரு ஏஜென்ட் வந்து, 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு 25 லட்சம்தான் போட முடியும் என்கிறார். எனக்கு இந்த இன்சூரன்ஸே வேண்டாம்.

தாமிரா:
அண்ணா, உங்களிடம் அதை விளக்காமல் கையெழுத்து வாங்கியது அநியாயம். ஆனால் அது ஆயுள் காப்பீடு, வீட்டுக்கானது இல்லை. 2021 ஏப்ரலிலிருந்து 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசி இருக்கிறது. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், தண்ணீர்த் தொட்டி உடைவது எல்லாம் அதில் அடக்கம். 25 லட்சம் எப்படி வந்தது? 1,000 சதுர அடிக்கு, அடிக்கு 2,500 ரூபாய் கட்டுமானச் செலவு. மிச்சம் மனையின் விலை. வீடே இடிந்தாலும் மனை உங்களுடையதுதானே?

முடிச்சூர்வாசி:
மனைக் கணக்கு சரிம்மா. என் ஃப்ரிட்ஜுக்கும் பீரோவுக்கும் யார் கொடுப்பது?

தாமிரா:
கட்டடம், சாமான் இரண்டுக்கும் சேர்த்து எடுங்கள். கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம், சாமான்களுக்குத் தானாகவே வரும். உங்களுக்கு 5 லட்சம். பட்டியல்கூடக் கேட்க மாட்டார்கள். நகையை மட்டும் மதிப்புப் போட்டுத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

மாடிவீட்டு ராகவன்:
தங்கச்சி நல்ல பக்கத்தையே சொல்கிறார். ஊருக்குப் போயிருக்கும்போது பூட்டை உடைத்துத் திருடினால் இதில் பைசா வராது. வெள்ளமோ தீயோ வந்து, அதிலிருந்து 7 நாளுக்குள் திருட்டுப் போனால்தான் உண்டு. மொட்டைமாடி ஓதம், நாள்பட்டுத் துருப்பிடித்த கம்பி, இதற்கெல்லாம் கேட்கவே முடியாது. நம் வீடுகளில் அடிக்கடி வருகிற செலவே இவைதான்!

தாமிரா:
ஓதத்துக்கு மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சமாளித்துவிடலாம் சார். இடுப்பளவு தண்ணீரை எப்படிச் சமாளிப்பது? வீடு குடியிருக்க முடியாமல் போனால், சரிசெய்யும் வரை வேறு வீட்டுக்குக் கொடுக்கிற வாடகையும் இதில் உண்டு.

முடிச்சூர்வாசி:
2015-இல் மாமனார் வீட்டு ஹாலில்தான் ஐந்து பேர் படுத்திருந்தோம். வாடகை கிடைக்கும் என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை. சரி, ஏஜென்ட்டை வரச் சொல்கிறேன். சாமானும் சேர்ந்திருக்கிறது என்று பாலிசியில் காட்டினால்தான் பணம். திருட்டுக்குத் தனி பாலிசி கண்டிப்பாக எடுக்க மாட்டேன்.