கிரெடிட் கார்டில் மினிமம் மட்டும் கட்டிவரும் டெல்டா தம்பி தங்கைகளுக்கு

"அண்ணே, மாசம் தவறாம கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன், கார்டு பாக்கி மட்டும் அசையவே மாட்டேங்குது." தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து புதிதாக அமெரிக்கா போன பிள்ளைகள் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். நான் அங்கே இருந்துவிட்டு இப்போது கும்பகோணம் திரும்பிவிட்டேன். ஆனாலும் ஊர்ப் பிள்ளைகளின் போன் நிற்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

போன புதிதில் கார்டில் பாக்கி ஏறுவது சகஜம். வீட்டு அட்வான்ஸ், பழைய கார், மெத்தை, குளிருக்குக் கோட்டு, விமான டிக்கெட் எல்லாம் முதல் சம்பளம் வருவதற்குள் வந்து நிற்கும். இதில் ஊதாரித்தனம் ஒன்றும் இல்லை. ஏறிய பாக்கியை எப்படி இறக்குவது என்பதுதான் விஷயம்.

முதலில் அந்த வட்டியை நம் ஊர்க் கணக்கில் பாருங்கள். கார்டில் ஏபிஆர் 24 சதவீதம் என்று இருந்தால் அது ஆண்டு வட்டி. நாம் வட்டி பேசுவது நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்று. அப்படிப் பார்த்தால் இது இரண்டு வட்டி. 30 சதவீதம் என்றால் இரண்டரை வட்டி. மன்னார்குடியிலோ வலங்கைமானிலோ அப்பா வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால், நெல் விற்ற பணம் வந்ததும் முதலில் அந்தக் கடனைத்தான் அடைப்பார். கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. வங்கி நகைக்கடன் பெரும்பாலும் ஒரு வட்டிக்குள் அடங்கிவிடும். உங்கள் குடும்பத்தின் மொத்தக் கடனையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அநேகமாக எல்லாவற்றையும்விட அதிக வட்டி உங்கள் பர்ஸில் இருக்கும் அந்தக் கார்டுக்குத்தான் இருக்கும். போதாததற்குப் பெரும்பாலான கார்டுகளில் வட்டி நாள்கணக்கில் ஏறுகிறது. ஏபிஆரை 365-ஆல் வகுத்து அன்றன்றைய பாக்கியின் மேல் போடுவார்கள். வட்டிக்கு வட்டியும் சேரும்.

மினிமம், அதாவது அந்த மாதம் இவ்வளவாவது கட்டியே ஆகவேண்டும் என்று வங்கி கேட்கும் தொகை, அதை மட்டும் கட்டினால் என்ன ஆகிறது என்பதற்கு ஒரு கணக்கு. பாக்கி 5,000 டாலர், வட்டி 24 சதவீதம். பல வங்கிகள் மினிமத்தை "அந்த மாத வட்டி, அதோடு பாக்கியில் 1 சதவீதம்" என்று வைக்கின்றன. முதல் மாத வட்டி 100, அசல் 50, ஆக 150 டாலர் கட்டுகிறீர்கள். பாக்கி 4,950 ஆகிறது. அடுத்த மாதம் மினிமமும் கொஞ்சம் குறைகிறது. நமக்குச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் கடன் நீள்வது இந்த இடத்தில்தான். மினிமம் 35 டாலருக்குக் கீழே போகாது என்று வைத்துக்கொண்டாலும், இப்படியே கட்டினால் கடன் தீர 16 வருடத்துக்கு மேல் ஆகும். வட்டி மட்டும் சுமார் 8,400 டாலர். நகையைத் திருப்பாமல் வட்டியை மட்டும் கட்டி வருடா வருடம் மாற்றி வைப்பது போலத்தான் இதுவும்.

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். முதல் மாதம் கட்டிய அதே 150 டாலரை, மினிமம் எவ்வளவு குறைந்தாலும் விடாமல் மாதா மாதம் கட்டுங்கள். அதே கடன் நாலே முக்கால் வருடத்துக்குள் தீர்ந்துவிடும், வட்டி சுமார் 3,300 டாலர். 250 கட்ட முடிந்தால் இரண்டு வருடம் சொச்சம், வட்டி 1,450 சுமார். சம்பளம் கூட வேண்டாம், வட்டி விகிதம் குறைய வேண்டாம், புதுக் கடன் வேண்டாம். தொகையை ஒரே அளவில் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் இதைவிடப் பெரிய உபாயம் கிடையாது. அந்தத் தொகையையே ஆட்டோபேயில் (மாதா மாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கட்டும் வசதி) போட்டுவிடுங்கள், மினிமத்தைப் போடாதீர்கள்.

நான் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, உங்கள் ஸ்டேட்மென்டையே எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். மினிமம் மட்டும் கட்டினால் எத்தனை வருடம் ஆகும், மொத்தம் எவ்வளவு கட்டுவீர்கள் என்று ஒரு வரி. மூன்று வருடத்தில் முடிக்க மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று அடுத்த வரி. 2009-இல் வந்த கார்டு சட்டம் வங்கிகளை இதை அச்சிட வைத்தது. செயலியில் "கட்டு" என்ற பொத்தானை மட்டும் அழுத்துகிறவர்கள் கண்ணில் இது படுவதே இல்லை. பிடிஎஃப் ஸ்டேட்மென்டை இறக்கி அந்தக் கட்டத்தைப் படியுங்கள். மூன்று வருடத் தொகை எவ்வளவோ, அதை உங்கள் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பாக்கி இருக்கும் கார்டில் மளிகை வாங்காதீர்கள். ஸ்டேட்மென்ட் வந்த பிறகு பணம் கட்ட வட்டியில்லாமல் மூன்று வாரச் சொச்சம் அவகாசம் உண்டு, ஆனால் அது முழுப் பாக்கியையும் கட்டுகிறவருக்குத்தான். பாக்கியை இழுத்துக்கொண்டு போகிறவருக்குப் பொதுவாக அந்த அவகாசம் கிடையாது. இன்று வாங்கும் அரிசி மூட்டைக்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடும். கடன் தீரும்வரை அன்றாடச் செலவு டெபிட் கார்டில் போகட்டும். பாக்கியே இல்லாத இரண்டாவது கார்டு இருந்தால் அதில் வாங்கி மாதா மாதம் முழுதாகக் கட்டிவிடுங்கள். புள்ளிகளும் கேஷ்பேக்கும் இரண்டு வட்டிக்கு ஈடாகாது.

"கொஞ்சம் பாக்கி வைத்தால்தான் கிரெடிட் ஸ்கோர் ஏறும்" என்று அறைத்தோழர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று பார்க்க உங்களுக்குப் போடும் மதிப்பெண்தான் அந்த ஸ்கோர். அவர்கள் சொல்வது தப்பு, ஸ்கோருக்காக ஒரு பைசா வட்டி கட்ட வேண்டியதில்லை. தவணை தவறாமல் கட்டுவதும், லிமிட்டில் கொஞ்சமாகப் பயன்படுத்துவதும்தான் ஸ்கோரை ஏற்றும். மாதத்துக்கு இரண்டு முறை பிரித்துக் கட்டினால் வட்டி குறையும் என்பது உண்மை. ஆனால் 250 டாலரைப் பதினைந்து நாள் முன்னால் கட்டினால் மிச்சம் இரண்டரை டாலர், அவ்வளவுதான். அங்கே பலருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம், வருடத்துக்கு 26 தடவை. ஒவ்வொரு சம்பளத்திலும் 125 கட்டினால் வருடத்தில் 3,250 ஆகிறது. மாதம் 250 என்றால் 3,000தான். பிரித்துக் கட்டுவதில் எனக்குப் பிடித்த லாபம் இதுதான்.

சரி, ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு வருவோம். டெல்டாப் பிள்ளைகளுக்குச் சிக்கல் இங்கேதான். கார்டில் 5,000 பாக்கி இருக்கும்போதே நடவுக்கு அனுப்புவார்கள், கோயில் கும்பாபிஷேகத்துக்கு அனுப்புவார்கள், தங்கச்சி சீருக்கும் அனுப்புவார்கள். அனுப்பாதே என்று நான் சொல்ல மாட்டேன், நமக்கு அது முடியாது. ஆனால் நம் வீட்டுச் செலவுக்கு ஒரு காலம் உண்டு. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம், குறுவைக்கு அப்போதே பணம் வேண்டும். அப்புறம் சம்பா, தாளடிக்கு உழவு, நாற்று, உரம் என்று ஐப்பசி வரை கை நீளும். தை, மாசியில் அறுவடை முடிந்து, நேரடி கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் அப்பாவின் கணக்கில் ஏறும். அந்தச் சமயத்தில் வீட்டுக்கு உங்கள் பணம் அவ்வளவு தேவைப்படாது. அமெரிக்க வரி ரீஃபண்டும் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில்தான் கைக்கு வரும். அந்த மாதங்களில் ஊருக்கு அனுப்புவதைக் குறைத்து, ரீஃபண்டையும் சேர்த்து மொத்தமாகக் கார்டில் தள்ளுங்கள்.

அப்பாவிடம் ஏபிஆர் என்று சொன்னால் புரியாது. "இரண்டு வட்டிக் கடன் ஒன்று இருக்குப்பா, அதை முடிச்சுட்டு அனுப்புறேன்" என்று சொல்லிப் பாருங்கள். மறுபேச்சு வராது. ஏற்கெனவே வங்கியில் இருக்கும் நகையைத் திருப்ப அவசரப்பட வேண்டாம். வட்டியைக் கட்டிப் புதுப்பித்து வையுங்கள், கார்டு முடிந்ததும் திருப்பலாம். ஆனால் கார்டை அடைக்க அம்மாவின் நகையைப் புதிதாக அடகு வைக்காதீர்கள். வட்டி குறைவுதான். ஆனாலும் அங்கே வேலை போனால் நஷ்டம் இங்கே அம்மாவின் கழுத்துக்கு வந்துவிடும். ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அதனால் ஒரு மாதச் செலவுக்காவது வங்கியில் ரொக்கம் வைத்துக்கொண்டு மீதியைக் கார்டில் கட்டுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பணம் அனுப்பும் செயலியில் கிரெடிட் கார்டு எண்ணைக் கொடுத்து ஊருக்கு அனுப்பாதீர்கள். பல வங்கிகள் அதைக் கேஷ் அட்வான்ஸாக, அதாவது கார்டில் ரொக்கம் எடுத்ததாக, கணக்கில் எடுக்கும். தனிக் கட்டணம், கூடுதல் வட்டி, அவகாசமே இல்லாமல் அன்றிலிருந்தே ஓட்டம். வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புங்கள்.

வட்டி விகிதத்தைக் குறைக்கவும் வழிகள் உண்டு. கார்டின் பின்னால் இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டு, ஒழுங்காகக் கட்டி வருகிறேன், வட்டியைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம், மறுத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. சம்பளம் நின்றுபோயிருந்தால் ஹார்ட்ஷிப் திட்டம் (கஷ்டத்தில் இருப்பவர்களுக்குக் கொஞ்ச காலம் சலுகை தருவது) இருக்கிறதா என்று கேளுங்கள், தவணை தவறுவதற்கு முன்னாலேயே கேளுங்கள். 60 நாள் தவறினால் அபராத வட்டி விழலாம்.

பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் நல்ல வழி. வேறு கார்டுக்குப் பாக்கியை மாற்றினால் 12 முதல் 21 மாதம் வரை வட்டியே இல்லாமல் கிடைக்கும். மாற்றுவதற்கு 3 முதல் 5 சதவீதம் கட்டணம். 5,000-க்கு 250 என்றே வைத்தாலும், அது மேலே சொன்ன இரண்டரை மாத வட்டிதான். புதிதாகப் போனவருக்கு ஸ்கோர் போதாமல் உடனே கிடைக்காமல் போகலாம். ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டு மறுபடி முயலுங்கள். கிரெடிட் யூனியனில் சேரவும் பாருங்கள், நம் ஊர்க் கூட்டுறவு வங்கி மாதிரி உறுப்பினர்களே சேர்ந்து நடத்துவது அது. ஃபெடரல் கிரெடிட் யூனியன்களின் கார்டு வட்டிக்கு 18 சதவீதம் உச்சவரம்பு இருக்கிறது, அதாவது ஒன்றரை வட்டி. "பாதிக் கடனைத் தள்ளுபடி செய்து தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று போனில் வருகிறவர்களை நம்பாதீர்கள். போன் வழியாகப் பிடித்த ஆட்களிடம் கடனைத் தீர்த்துவைக்கும் முன்பே கட்டணம் வாங்குவது அங்கே 2010 முதல் விதிப்படி தடை. லாப நோக்கமில்லாத கடன் ஆலோசனை அமைப்புகள் இருக்கின்றன, அங்கே போங்கள்.

இரண்டு மூன்று கார்டு இருந்தால், எல்லாவற்றுக்கும் மினிமம் கட்டிவிட்டு, மிச்சம் முழுவதையும் வட்டி அதிகமுள்ள கார்டில் போடுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் கணக்கு இதேதான். அங்கே மினிமம் பொதுவாகப் பாக்கியில் 3 சதவீதம் அல்லது 50 வெள்ளி, எது அதிகமோ அது. வட்டி ஆண்டுக்கு 27 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஆனால் கடன்களை ஒன்றாக்கும் அந்த ஊர் வங்கித் திட்டம் குடிமக்களுக்கும் பிஆர் (நிரந்தரவாச உரிமை) வைத்திருப்பவர்களுக்கும்தான். ஒர்க் பர்மிட், எஸ் பாஸில் இருப்பவர்கள் அதை நம்பிக் கடனை ஏற்ற வேண்டாம்.

முழுப் பாக்கியையும் கட்டி முடித்த மாதத்துக்கு அடுத்த ஸ்டேட்மென்டில் சில டாலர் வட்டி மறுபடி நிற்கும். ஸ்டேட்மென்ட் வந்த நாளிலிருந்து நீங்கள் கட்டிய நாள் வரைக்குமான வட்டி அது. தவறாக வந்ததென்று விட்டுவிட்டால் தாமதக் கட்டணம் சேரும். அதையும் கட்டுங்கள், ஆட்டோபேயை உடனே நிறுத்தாதீர்கள். அதற்கடுத்த ஸ்டேட்மென்ட் பூஜ்யம் என்று வந்த பிறகு ஆட்டோபேயை முழுப் பாக்கிக்கு மாற்றிவிட்டு, கார்டை மறுபடி கையில் எடுக்கலாம்.