லிஃப்டுக்குள் தராசு: நிற்கப்போகும் அந்த ஒரு நொடி

சுருள்வில்:
லிஃப்டுக்குள் தராசு மேல் நின்றால் முள் ஏறி இறங்கும் கணக்கு எல்லாருக்கும் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். கிளம்பும்போது முள் கூடுவதை எல்லாரும் பார்க்கிறார்கள். உறுத்துவது அது இல்லை. லிஃப்ட் மேல்மாடியை நெருங்குகிறது, இன்னும் மேலேதான் ஏறிக்கொண்டிருக்கிறது, ஆனால் 60 கிலோ ஆளுக்கு முள் 55 பக்கம் இறங்குகிறது. ஏறும்போது எடை கூடும் என்று நினைத்துக்கொண்டிருப்பவரை அந்த ஒரு நொடி கவிழ்த்துவிடும். கீழே வந்து நிற்கும்போது இதற்குத் தலைகீழ்: இறங்கிக்கொண்டே 65. லிஃப்ட் எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு இங்கே வேலையே இல்லை, வேகம் எந்தப் பக்கமாக மாறுகிறது என்பதற்குத்தான் வேலை. நடுவழியில் வேகம் சீராக இருக்கும்போது நின்ற இடத்தில் காட்டிய அதே 60.

பூச்சியம்:
டிஜிட்டல் தராசில் இந்த நொடி வராது. அது எண்ணைச் சராசரி போட்டு, ஆட்டம் அடங்கியதும் பூட்டிக்கொள்ளும். பூட்டிய பிறகு லிஃப்ட் குதித்தாலும் அதே எண்தான். பூட்டாத மாடலிலும் திரை மெதுவாகத்தான் மாறும். முள் தராசே மேல்.

அரைக்கண்:
முள் தராசையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். முள் 68 வரை துள்ளியது, ஆகவே முடுக்கம் (வேகம் மாறும் வீதம்) 1.3 மீ/வி² என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. சாதாரண பயணிகள் லிஃப்டில் முடுக்கம் பெரும்பாலும் 0.8 முதல் 1.2 மீ/வி²-க்குள் இருக்கும். 0.8 என்றால் 60 கிலோவுக்குக் கூடுவது 60 × 0.8 ÷ 9.8 (9.8 என்பது புவியீர்ப்பு முடுக்கம்), அதாவது 4.9 கிலோ. அதற்கு மேல் தெரிகிற துள்ளல் லிஃப்டினுடையது இல்லை, ஏறி நிற்பவரின் முழங்காலுடையது.

சுருள்வில்:
வில்லின் ஆட்டமும் அதில் உண்டே சார்? திடீர்ச் சுமை விழுந்தால் வில் இரண்டு மடங்கு தாண்டும்.

அரைக்கண்:
திடீரென்று விழுந்தால் தாண்டும், உண்மை. ஆனால் லிஃப்டின் முடுக்கம் திடீரென்று வருவதில்லை. கட்டுப்பாட்டுக் கருவி அதைச் சரிவாக ஏற்றும், நொடிக்கு 1 மீ/வி² என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். 0.8-ஐத் தொட 0.8 நொடி ஆகும். 60 கிலோவுக்குத் தட்டு 5 மில்லிமீட்டர் இறங்கும் தராசு என்றால் அதன் சொந்த ஆட்டம் நொடிக்கு ஏறத்தாழ 7 தடவை. ஏறும் நேரத்துக்குள் ஐந்தாறு ஆட்டம் முடிந்துவிடுகிறது, அதனால் வில் சுமையோடு கூடவே போகும், தாண்டாது. சந்தேகம் இருந்தால் ஆளுக்குப் பதில் 20 கிலோ இரும்புப் படி வைத்து, முள்ளை மொபைலில் வீடியோ எடுத்து ஒவ்வொரு சட்டமாக (ஃபிரேமாக) ஓட்டிப் பாருங்கள். துள்ளல் காணாமல் போகும்.

நாலுகால்:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். டிஜிட்டல் தராசைத் தூக்கி எறிய வேண்டாம், அதன் மூளையை, அதாவது உள்ளிருக்கும் மின்னணுப் போர்டை மட்டும் மாற்றினால் போதும்.

முதலில் எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது என்று பாருங்கள். லிஃப்டின் வேகம் நொடிக்கு 1 மீட்டர், முடுக்கம் 0.8, சரிவு 1 என்றால் முடுக்கம் நீடிப்பது மொத்தம் 2.05 நொடி. அதில் முழு 0.8 நிற்பது வெறும் 0.45 நொடி. அந்த இடைவெளிக்குள் நாலைந்து நம்பகமான அளவீடுகளாவது விழ வேண்டும்.

குளியலறைத் தராசின் நாலு காலிலும் மூன்று கம்பியுள்ள லோட் செல் (எடையை மின் சமிக்ஞையாக மாற்றும் உணரி) இருக்கும். கம்பியின் நிறத்தை நம்பக் கூடாது, மீட்டர் வைத்துப் பாருங்கள். வழக்கமான செல்லில் இரண்டு ஓரக் கம்பிகளுக்கிடையே ஏறத்தாழ 2 கிலோஓம், நடுக் கம்பிக்கும் எந்த ஓரத்துக்கும் 1 கிலோஓம் வரும். ஓரக் கம்பிகளைப் பக்கத்துச் செல்லின் அதே வகைக் கம்பியோடு சேர்த்து வளையமாக்கினால், மிஞ்சுகிற நாலு நடுக் கம்பிகள்தான் அந்த மின்தடை வளையத்தின் (பாலம் என்பார்கள்) நாலு முனைகள். எதிரெதிர் முனை இரண்டு மின்சாரத்துக்கு, மற்ற இரண்டு சமிக்ஞைக்கு. ஒரு செல்லைத் திருப்பிப் போட்டுவிட்டால் அந்தக் கால் மட்டும் கழிக்கும், மூலைக்கு மூலை எண் மாறும்.

அடுத்தது அந்தச் சமிக்ஞையை எண்ணாக மாற்றும் ஹெச்எக்ஸ்711 சில்லு இருக்கும் போர்டு. இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பல மலிவு போர்டுகளில் அளவீட்டு வேகத்தைத் தீர்மானிக்கும் சில்லின் 15-ஆம் கால் (பின்) மின்சுற்றின் தரையோடு (கிரவுண்ட்) இணைந்திருக்கும். அப்போது நொடிக்கு 10 அளவீடு, ஒரு மாற்றம் முழுதாகப் பதிய 400 மில்லிநொடி. முழு முடுக்கம் நிற்கும் அந்த 0.45 நொடிக்கு இது எந்த மூலைக்கு? அந்தக் காலை நெம்பித் தூக்கி, பக்கத்திலிருக்கும் 16-ஆம் காலோடு பற்றவையுங்கள். நொடிக்கு 80 அளவீடு, 50 மில்லிநொடியில் பதியும். இரைச்சல் கொஞ்சம் கூடும், பொறுத்துக்கொள்ளலாம்.

சோதனை எடையாகத் தண்ணீர்க் கேன் வைக்காதீர்கள், உள்ளே அலம்பும். அடியில் கார்ப்பெட் இருந்தால் பலகை போடுங்கள். இன்னொன்று, தட்டின் எடையை ஆரம்பத்தில் கழித்து பூச்சியம் ஆக்கியிருப்போம், ஆனால் முடுக்கம் தட்டுக்கும் சேர்த்துத்தான். 1.5 கிலோ தட்டுக்கு 1 மீ/வி² முடுக்கத்தில் 0.15 கிலோ கூடுதலாக வரும். 20 கிலோ படி 22.04 காட்ட வேண்டிய இடத்தில் 22.19 காட்டினால் தராசு கெட்டுப்போகவில்லை.

பூச்சியம்:
இவ்வளவுக்கு மொபைலைத் தரையில் வைத்தாலே போச்சே. மொபைலின் சென்சார்களைப் படித்துக் காட்டும் ஃபைஃபாக்ஸ் செயலியில் லிஃப்டுக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது, காற்றழுத்தமானி இருக்கும் மொபைலில் உயரத்தையும் சேர்த்து வரையும். நின்றிருக்கும்போது முடுக்கமானி காட்டும் எண்ணால் ஓடும்போது காட்டுவதை வகுத்து, நிறையால் பெருக்கினால் தராசு காட்டவேண்டியது வந்துவிடும். 9.8-ஆல் வகுக்காதீர்கள், சென்சாரின் பிசகு உள்ளே நுழைந்துவிடும்.

நாலுகால்:
சரிதான், ஆனால் இரண்டையும் ஒன்றாக ஓட்டினால் ஒரு நல்ல சோதனை கிடைக்கும். வரைபடத்தில் கிளம்பும்போது எழும் மேட்டின் பரப்பைக் கூட்டுங்கள், கூடுதல் கிலோ × நொடி. 60 கிலோவுக்கு 6.1 வந்தால் லிஃப்டின் வேகம் 6.1 × 9.8 ÷ 60, நொடிக்கு 1 மீட்டர். மெதுவாகக் கிளம்பினாலும் வெடுக்கென்று கிளம்பினாலும் மேட்டின் வடிவம்தான் மாறும், பரப்பு மாறாது. நிற்கும்போது விழும் பள்ளமும் அதே அளவு இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் தராசின் பூச்சியப் புள்ளி நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நொடிக்கு 2.5 மீட்டர் லிஃப்டில் ஒரே ஒரு மாடி மட்டும் ஏறிப் பார்ப்பவர்கள் கவனிக்க: முழு வேகத்தைத் தொட்டுத் திரும்பி நிற்கவே ஏறத்தாழ 10 மீட்டர் வேண்டும், 3 மீட்டரில் அது நடக்காது.

கொக்கி:
லிஃப்டை விடுங்கள், கிரேன் கொக்கியில் தொங்கும் தராசில்தான் இது காசுக்கும் உயிருக்கும் விஷயமாகிறது. 1000 கிலோ சுமை, 0.5 மீ/வி² முடுக்கத்தில் தூக்கினால் திரையில் 1051. அதையே எழுதிக்கொண்டு போகிறார்கள். உச்ச எண்ணைப் பிடித்துவைக்கும் வசதி இயக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம், தூக்கிய நொடியின் எண்தான் கடைசிவரை நிற்கும். அதை அணையுங்கள். கயிற்றின் தொய்வை மெதுவாக எடுங்கள், சுமையைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி நிறுத்துங்கள், ஆட்டம் அடங்கட்டும், பிறகு படியுங்கள். 10 டிகிரி ஊசலாடினாலே அடிமட்டத்தில் 3 சதவீதம் கூடும், ஓரங்களில் 1.5 சதவீதம் குறையும். ஒரு ஊசலுக்கு எண் இரண்டு தடவை ஏறி இறங்குகிறது என்றால் காரணம் ஊசல்தான், லோட் செல் இல்லை.

அரைக்கண்:
ஆடுகிற கப்பலில் எடை போடுபவர்கள் என்ன செய்வார்கள் அப்போது? அடங்கும்வரை காத்திருந்தால் கரை வந்துவிடும்.

கொக்கி:
இரண்டு லோட் செல். ஒன்றில் சரக்கு, மற்றதில் நிறை தெரிந்த ஒரு கட்டி, அது உள்ளேயே நிரந்தரமாக இருக்கும். கப்பல் எழும்பினால் இரண்டும் ஒரே விகிதத்தில் கூடும், ஒன்றை மற்றதால் வகுத்தால் முடுக்கம் அடிபட்டுப் போகும். பழைய தட்டுத் தராசும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதை லிஃப்டில் வைத்தால் முள் நடுவிலேயே நிற்கும்.

சுருள்வில்:
அறுந்து விழும் லிஃப்டில் அதுவும் படுத்துவிடும் இல்லையா?

கொக்கி:
படுக்காது, எங்கே விட்டீர்களோ அங்கேயே மிதக்கும். வகுப்பதற்கு எதுவும் மிஞ்சாது. ஆனால் நிஜ லிஃப்டில் அந்தப் பூச்சியத்தைப் பார்க்க முடியாது. கயிறுகள் பல, அதற்கும் கீழே தண்டவாளத்தைக் கவ்வும் பிடிப்பான் இருக்கிறது. படிப்படியாகக் கவ்வும் வகையில் வேகம் குறையும் சராசரி வீதம் புவியீர்ப்பின் 0.2 முதல் 1 மடங்கு வரை இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அந்த நேரத்தில் 60 கிலோ ஆளுக்கு தராசு 72-க்கும் 120-க்கும் இடையே காட்டும்.