புண்ணாக்கு வாங்க வந்த ஆத்தா

2019 தை மாதம் வெள்ளகோவில் பக்கம் மரச்செக்கு போட்டேன். பத்து வருடம் கம்பெனி வேலை பார்த்த சேமிப்பும் வீட்டுக்காரம்மாவின் நகையும்தான் முதல். நல்ல கடலைப் பருப்பு, வாகை மரச் செக்கு, கலப்படம் இல்லாத எண்ணெய். இதெல்லாம் சரியாக இருந்தால் தொழில் தானாக நிற்கும் என்று நம்பினேன். கூட்டமும் வந்தது. ஆனால் மாதக் கடைசியில் வாடகை கொடுக்கக் கையில் காசு இருக்காது. ஏன் என்று ஆறு மாதம் புரியவே இல்லை.

ஒரு நாள் பக்கத்து ஊரிலிருந்து ஒரு ஆத்தா டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். வீட்டில் நாலு எருமை. "ஏஞ்சாமி, புண்ணாக்கு என்ன வெல?" என்றார். "சில்லறைக்குத் தர்றதில்லைங்காத்தா, வியாபாரி மொத்தமா எடுத்துக்கறாரு. கிலோ இருபத்தெட்டு ரூபாய்ங்க" என்றேன். அவர் ஒரு துண்டை எடுத்து விரலால் தேய்த்துக் காட்டினார். விரல் பளபளத்தது. "மில்லுப் புண்ணாக்குல இந்தப் பசை இருக்காது கண்ணு. மாடு இதத்தான் தேடும். எனக்கு நாப்பதுன்னாலும் குடு" என்றார்.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். செக்கில் ஒரு தடவை ஆட்டுவதுதான் ஒரு ஆட்டம். அதற்குப் பத்து கிலோ பருப்பு, கிலோ 95 ரூபாய் என்றால் 950. நான்கு கிலோ எண்ணெய் வரும். மூன்று நாள் வெயிலில் வைத்து வண்டலை இறக்கினால் 3.8 கிலோ நிற்கும். ஒரு லிட்டர் கடலெண்ணெய் ஏறக்குறைய 915 கிராம் எடை, ஆக 4.15 லிட்டர். 230 ரூபாய்க்கு விற்றால் 955 ரூபாய். எண்ணெய் பருப்பு வாங்கிய காசைத்தான் திருப்பித் தருகிறது. கரண்டுக்கும் ஆள் கூலிக்கும் வாடகைக்கும் ஐந்தரைக் கிலோ புண்ணாக்குதான் கை கொடுக்க வேண்டும். அதைத்தான் நான் கழிவு மாதிரி தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். ஆத்தா சொன்ன விலைக்குக் கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய் கூடுதல், ஒரு நாளைக்கு ஆறு ஆட்டம், மாதம் 26 நாள். பத்தாயிரத்துக்கு மேல் வருகிறது. என் கட்டட வாடகையே அதுதான்.

மறுநாளே சில்லறைக்கு எடை போட ஆரம்பித்தேன். எண்ணெய்க்கும் லிட்டருக்குப் பத்து ரூபாய் ஏற்றினேன். போய்விடுவார்கள் என்று பயந்த வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் இன்னும் வருகிறார்கள். அந்தக் கணக்கில் என் சம்பளத்தைச் சேர்க்க மட்டும் இன்னும் ஒரு வருடம் ஆனது. காலை ஐந்து மணிக்கு நின்றால் இரவு ஒன்பது வரை நிற்பேன், ஆனால் எனக்குக் கூலி என்று ஒரு வரி எழுதியதில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தயவுசெய்து அதை முதல் மாதமே எழுதுங்கள்.

*

மேலே உள்ளதைப் படித்துவிட்டுத் திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். பனியன் தையல், கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க், எட்டு மிஷின். எனக்குக் கணக்கு தெரியும், காசுதான் வராது. ஒரு கம்பெனிக்குத் தைத்துக் கொடுத்த பில் நான்கு மாதம் நின்றது. ஆனால் என்னிடம் தைப்பவர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். இரண்டு வாரம் வட்டிக்கு வாங்கிக் கொடுத்தேன்.

ஆடிட்டர் அண்ணன்தான் உத்யம் என்கிற மத்திய அரசின் சிறுதொழில் பதிவைச் செய்யச் சொன்னார். பைசா செலவில்லை. குறுந்தொழில், சிறுதொழில் உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. 2023-24 நிதியாண்டிலிருந்து, அப்படித் தராமல் வருடக் கடைசியிலும் பாக்கி நிற்கிற தொகையை வேலை வாங்குகிறவர் அந்த வருடச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது. புகார் கொடுக்க நான் போகவில்லை, போனால் அடுத்த ஆர்டர் வராது. ஆனால் இப்போது பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சடித்து, ரேட் பேசும்போதே எத்தனை நாளில் பணம் என்பதையும் பேசிவிடுகிறேன். வருடக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதம் அவர்களே கூப்பிட்டு, உனக்குத் தர வேண்டிய பாக்கி எவ்வளவு என்று கேட்கிறார்கள்.

*

கோவை கணபதி, லேத் ஒர்க்‌ஷாப். முதல் பார்ட்டியைப் பிடிக்க அடக்க விலைக்கே வேலை எடுத்தேன். அப்புறம் ஏற்றலாம் என்று நினைத்தேன். மூன்று வருடம் அதே ரேட். வெள்ளகோவில் அண்ணா, லிட்டருக்குப் பத்து ரூபாய் ஏற்றியபோது வருகிறவர்களிடம் என்ன சொன்னீர்கள்? வண்டலை என்ன செய்கிறீர்கள்?

*

மேலே எழுதிய வெள்ளகோவில்காரன்தான். ஒன்றும் மறைக்கவில்லை தம்பி. பருப்பு விலை, எடை, வண்டல் எல்லாவற்றையும் ஒரு பலகையில் எழுதிக் கடை வாசலில் வைத்தேன். படித்துப் பார்த்தவர்கள் பேரம் பேசவில்லை. வண்டலைப் புண்ணாக்கோடு பிசைந்து அந்த ஆத்தாவுக்குச் சும்மா கொடுத்துவிடுகிறேன். அவர் வரும்போதெல்லாம் ஒரு சொம்பு எருமைத் தயிர் கொண்டுவருகிறார்.