கூட்டெழுத்து எழுதினால் கை நோகுது என்கிறான். என்ன செய்யலாம்?

வெள்ளவத்தை அம்மா கேட்கிறார்:

மகனுக்கு ஆறரை வயது, ஆங்கில மூலம், தரம் 2. போன தவணை வரை அச்செழுத்தில்தான் எழுதினான், ஓரளவு ஒழுங்காகவே இருந்தது. இந்தத் தவணை ஆங்கிலத்தில் கூட்டெழுத்து (பென்சிலைத் தூக்காமல் எழுத்துகளை இணைத்து எழுதுவது) தொடங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து பின்னேரத்தில் வீட்டில் ஒரே சண்டை. பென்சிலை அமத்துகிற அமத்தில் தாளின் மறுபக்கத்தைத் தடவினால் எழுத்து விரலில் தட்டுப்படுகிறது. இரண்டு வரி எழுதியதும் கையை உதறுகிறான். சின்ன ‘எல்’லும் சின்ன ‘இ’யும் ஒரே உயரம். ‘ஓ’வுக்குப் பிறகு எந்த எழுத்து வந்தாலும் இணைக்கத் தெரியாமல் பென்சிலைத் தூக்கிவிடுகிறான்.

காலி வீதிக் கடையொன்றில் புள்ளிக்கோட்டுப் பயிற்சிக் கொப்பி வாங்கிக் கொடுத்தேன். புள்ளிமேல் அழகாக எழுதுகிறான். வெறும் கோட்டில் எழுதச் சொன்னால் பழையபடிதான். இன்னொன்று, பந்து எறிந்தால் பிடிக்கமாட்டான், சட்டைத் தெறி பூட்டவும் நான்தான் வேண்டும். இதற்கும் எழுத்துக்கும் தொடர்பு உண்டா? அப்பம்மா வேறு, “இனி எல்லாம் கொம்பியூட்டர்தானே, விடு பிள்ளையை” என்கிறார். வீட்டில் தமிழ் எழுத்தும் இப்போதுதான் சொல்லிக்கொடுக்கிறேன். அதைக் கொஞ்சநாள் நிறுத்தவா?

கொட்டாஞ்சேனை ரீச்சர்:

பிள்ளை, தொடர்பு இருக்கிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் பென்சிலை அசைக்க, மற்ற இரண்டும் மடங்கித் தாளில் சாய்ந்திருக்க வேண்டும். தெறி பூட்டுவதும் அந்த மூன்று விரல்களின் வேலைதான். அவற்றில் பலம் காணாவிட்டால் பிள்ளை தோளிலிருந்து முழுக் கையையும் போட்டு எழுதும். அப்போது அமத்தவும் செய்யும், நோகவும் செய்யும். அதைக் கொப்பியில் திருத்த முடியாது.

குசினியில் திருத்தலாம். நெத்தலிக் கருவாடு வாங்கினால் தலை கிள்ளுகிற வேலை அவனுடையது. உள்ளி உரிக்கட்டும், முருங்கையிலை ஆயட்டும், கொடியில் உடுப்புக்குக் கிளிப் போடட்டும். ரொட்டிக்கு மா குழைத்தால் ஒரு உருண்டையை அவனிடம் கொடுங்கள். நான் படிப்பித்த காலத்தில், இப்படி வீட்டுவேலை செய்து பழகிய பிள்ளைகளுக்குப் பென்சில் பிடிக்கக் காட்டிக்கொடுக்க அதிகம் மினக்கெட்டதில்லை.

கண்ணும் கையும் சேர்ந்து பழகுவதற்குக் கொக்கான் வெட்டுவதைவிட (கல்லை எறிந்து பிடிக்கிற விளையாட்டு) நல்லது எனக்குத் தெரியாது. மேலே எறிந்த கல் இறங்குவதற்குள் கீழே கிடப்பதை எடுத்துவிட்டு, இறங்குவதையும் பிடிக்க வேண்டுமே. முதலில் ஒரேயொரு கல் போதும்: எறிந்து, நிலத்தில் ஒருதரம் தட்டிவிட்டுப் பிடிக்கட்டும். பெட்டைகளின் விளையாட்டு என்று யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள். பந்துக்குப் பதிலாகக் கொஞ்சநாள் பலூன் தட்டி விளையாடுங்கள். அது மெதுவாக இறங்குவதால் கண் பின்தொடர நேரம் கிடைக்கும்.

புள்ளிக் கொப்பியை ஒதுக்கிவையுங்கள். எனக்கு அந்தக் கொப்பிகளில் நம்பிக்கையே இல்லை. பிள்ளை அடுத்த புள்ளி எங்கே என்றுதான் பார்க்கிறது. எழுத்து எங்கே தொடங்கி, எந்தப் பக்கம் சுழன்று, எங்கே வெளியே போகிறது என்பது கையில் பதிவதேயில்லை. அதற்குப் பதிலாக, முற்றத்தில் வெண்கட்டியால் ஆள் நீளத்துக்கு ஒரு ‘எல்’ போட்டுக் காட்டுங்கள். அவன் அதன்மேல் நடக்கட்டும், பிறகு தானே எழுதட்டும். மாடிவீடு என்றால் சுவரில் பெரிய தாள் ஒட்டுங்கள். நிமிர்ந்து நின்று சுவரில் எழுதும்போது மணிக்கட்டு தானாகப் பின்னுக்கு மடியும், எழுதுவதற்கு வேண்டிய மடிப்பு அதுதான். வெள்ளவத்தையில் ரெயில் பாதையைக் கவனமாகக் கடந்தால் கடற்கரை. ஈரமணலில் விரலால் எழுதலாம். விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது அரிசியில் விரல் பிடித்து எழுதுவிப்பதும் இப்படித்தானே.

ஏ, பி, சி வரிசையில் பழக்காதீர்கள். சின்ன ‘சி’ சரியாக வந்தால் ஏ, டி, ஜி, கியூ, ஓ எல்லாம் அதே வளைவில்தான் தொடங்கும். முதலில் அந்தக் குடும்பம். பிறகு ஐ, யூ, ரீ (i, u, t). அப்புறம் வளையம் போடுகிறவை. ‘இ’யும் ‘எல்’லும் ஒரே வளையம், உயரம்தான் வேறு. சின்னது பெரியது, சின்னது பெரியது என்று பென்சில் தூக்காமல் ஒரு வரி ஓடவிடுங்கள், வித்தியாசம் கைக்குப் புரியும்.

‘ஓ’வில் நிற்கிறான் என்றீர்களே, அதில் பிள்ளையின் பிழை ஒன்றும் இல்லை. மற்ற எழுத்துகள் கீழ்க்கோட்டில் முடிந்து அடுத்ததற்குப் போகின்றன. ஓ, வி, டபிள்யூ, பி (o, v, w, b) நான்கும் மேலே முடிந்து, மேலேயே பாலம் போட்டுப் போகின்றன. அதனால் தனி ‘ஓ’வை வரிவரியாக எழுதவைத்துப் பயனில்லை. ‘ஒன்’ (on), ‘வீ’ (we) போன்ற குட்டிச் சொற்களாகக் கொடுங்கள். ஒரு விஷயம், கூட்டெழுத்தின் வடிவம் பாடசாலைக்குப் பாடசாலை மாறும். வகுப்பு ரீச்சரிடம் அவர் பாவிக்கிற மாதிரியைக் கேட்டு வாங்குங்கள்.

தமிழை நிறுத்தவே வேண்டாம். ஆனால் ‘அ’வில் தொடங்காதீர்கள், அதில் சுழி, வளைவு, கோடு எல்லாம் இருக்கிறது. ட, ப, ம என்று போங்கள். சுழி பிறகு வரட்டும்.

அப்பம்மா சொல்வதும் வெறும் கதையல்ல. பின்லாந்தில் 2016 இல் கூட்டெழுத்தைக் கட்டாயப் பாடத்திலிருந்து எடுத்தார்கள். கலிபோர்னியாவில் 2023 இல் சட்டம் போட்டு, 1 முதல் 6 ஆம் தரம் வரை திரும்பக் கொண்டுவந்தார்கள். அவர்கள் முடிவெடுக்கட்டும். உங்கள் மகனின் வகுப்பில் கேட்கிறார்கள், அதனால் எழுதத்தான் வேண்டும்.

தெகிவளை அப்பா:

ரீச்சர் சொன்னதோடு இன்னும் இரண்டு. கதிரையில் இருந்தால் கால் நிலத்தில் முட்டுகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மகளின் கால் தொங்கும், கீழே ஒரு பலகைப்பெட்டி வைத்தோம். எச்.பி. பென்சிலை விட்டு 2பி வாங்குங்கள், அமத்தாமலே கறுப்பாக விழும். நீளப் பென்சிலைவிடக் கட்டைப் பென்சில் நல்லது. முழுக் கையாலும் பொத்திப் பிடிக்க அதில் இடமில்லை.

இடக்கைக்காரியின் அம்மா:

மகன் எந்தக் கை என்று சொல்லவில்லையே? இடக்கை என்றால் கொப்பியை வலப்பக்கம் சரித்து வையுங்கள். பென்சிலைக் கூரிலிருந்து கொஞ்சம் மேலே பிடிக்கட்டும், அப்போதுதான் எழுதியது கண்ணுக்குத் தெரியும், கையிலும் அப்பாது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் சோற்றுக்கையால் எழுதச் சொல்லிப் படுத்தினார்கள். மகள் எழுதுவதையே வெறுத்துவிட்டாள். மாற்றவே மாற்றாதீர்கள்.

கண்ணையும் ஒருதரம் சோதியுங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் மோசமாக இருந்தால் கட்டாயம்.

வெள்ளவத்தை அம்மா:

வலக்கைதான். நன்றி ரீச்சர், எல்லோருக்கும் நன்றி. கொப்பியில் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இருத்தலாம்? சில மாதம் பார்த்தும் மாறாவிட்டால் யாரிடம் போவது?

கொட்டாஞ்சேனை ரீச்சர்:

பத்து நிமிடம் போதும், அதற்குமேல் இருத்தினால் எழுத்து பழுதாகத்தான் போகும். மூன்று சொல் நன்றாக வந்தால் அன்றைக்கு அதோடு எழும்பட்டும். ரியூசன் இருக்கிற நாளில் கொப்பியைத் திறக்கவே வேண்டாம். மாறாவிட்டால் பிள்ளைகளைப் பார்க்கிற டொக்டரிடம் காட்டி, ஒக்கியுபேஷனல் தெரப்பிக்கு (எழுதுவது, தெறி பூட்டுவது போன்ற அன்றாட வேலைகளைப் பழக்குகிற சிகிச்சை) ஒரு கடிதம் கேளுங்கள். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அந்தப் பிரிவு இருக்கிறது. போகும்போது அவனுடைய கொப்பியையும் கொண்டுபோங்கள், நல்ல பக்கத்தை மட்டும் தெரிந்தெடுக்காமல் முழுக் கொப்பியையும்.