கடலோரக் கோட்டைகளைப் படமெடுத்த லென்ஸின் உட்புறத்தில் வெண்படலம்

வேலூரிலிருந்து எழுதுகிறேன். சிதைந்த கடலோரக் கோட்டைகளைப் படமெடுத்து ஆவணப்படுத்தி வருகிறேன். மார்கழியில் ஆலம்பரைக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் சென்று திரும்பியபின், லென்ஸின் உட்கண்ணாடியில் வெண்படலம் தெரிகிறது.

கேமரா கேனான் 200டி. லென்ஸ் 18–55 மி.மீ. வெளிச்சத்துக்கு எதிராக எடுக்கும் படங்கள் வெளிறிவிடுகின்றன; ஜூம் வளையம் நறநறக்கிறது. டார்ச் ஒளியில் பூஞ்சைக்குரிய கிளைவிட்ட இழைகள் தென்படாததால், ஜூம் செய்யும்போது காற்றோடு உள்ளே புகுந்த உப்பீரமே காரணம் என்று கருதுகிறேன். வேறு லென்ஸைப் பொருத்தி வேலூர்க் கோட்டை அகழியை எடுத்தால் படம் தெளிவாக இருக்கிறது. ஆகவே சென்சாரில் குறையில்லை.

ஊதுபந்தால் தூசி நீக்கி, வெளிக்கண்ணாடியைத் துப்புரவுத் திரவத்தால் துடைத்து, காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்தும் படலம் குறையவில்லை. இங்குள்ள பழுதுபார்ப்போர் புதியது வாங்கச் சொல்கிறார்கள். ஆனால் 1760இல் ஆங்கிலேயர் தகர்த்ததில் எஞ்சிய ஆலம்பரைச் செங்கற்சுவர்களைக் கடல் தொடர்ந்து அரித்துவருவதால், பழைய படங்களோடு ஒப்பிட அதே லென்ஸால், அதே கோணத்தில் எடுப்பதே எனக்கு முக்கியம்.

வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் வட்டாரத்தில் இத்தகைய லென்ஸைப் பிரித்து, உட்கண்ணாடியைத் துடைத்து, ஃபோகஸ் பிசகாமல் மீண்டும் பொருத்தித் தரும் நம்பகமான பழுதுபார்ப்பவர் எங்கே இருக்கிறார்?